உருள்சறுக்குத் தாங்கிப் பராமரிப்பு

உருள்சறுக்குத் தாங்கிப் பராமரிப்பு என்பது, ஒரே வரிசையில் சக்கரங்கள் அமைந்த சறுக்குக் காலணிகளின் குண்டுத் தாங்கிகளை, அதாவது பேரிங்குகளை, கழற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட்டு மீண்டும் பொருத்தும் பணியாகும்.

அமைப்பு: பெரும்பாலான காலணிகளில் 8 மி.மீ. உள்விட்டமும் 22 மி.மீ. வெளிவிட்டமும் 7 மி.மீ. அகலமும் கொண்ட 608 வகைத் தாங்கிகள் சக்கரத்துக்கு இரண்டாகப் பொருத்தப்படுவதால், நான்கு சக்கரக் காலணிச் சோடி ஒன்றுக்கு 16 தாங்கிகள் தேவைப்படுகின்றன.

கரையோரச் சூழல்: அறுகம்பே, பொத்துவில், கல்முனை போன்ற இலங்கையின் அம்பாறை மாவட்டக் கரையோர ஊர்களில், கடற்காற்றின் உப்பு ஈரத்தை ஈர்த்து உருக்கைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, நுண்மணல் குண்டுகள் உருளும் தடங்களைத் தேய்ப்பதால், இப்பணி அடிக்கடி தேவைப்படுகிறது.

செய்முறை: கழற்றக்கூடிய மூடிகளை அகற்றி, தாங்கிகளை மண்ணெண்ணெயில் அல்லது ஐசோபுரொப்பைல் அற்ககோலில் அலசி, முற்றாக உலர்த்திய பின், மெல்லிய எண்ணெய் ஓரிரு துளிகள் அல்லது சிறிது கிரீஸ் இடப்படும்; எண்ணெய் தடையற்ற சுழற்சியையும், கிரீஸ் நீடித்த பாதுகாப்பையும் தருகின்றன. கழுவியபின்னும் கரகரப்பு நீங்காத தாங்கி மாற்றப்பட வேண்டும்.

வரலாறும் முக்கியத்துவமும்: உருள்சறுக்குச் சக்கரங்களில் உருக்குக் குண்டுத் தாங்கிகளைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமையை அமெரிக்கரான லெவன்ட் ரிச்சர்ட்சன் 1884இல் பெற்றார். தாங்கிகளின் உராய்வு வேகத்தைப் பாதிக்கும் உருள்சறுக்கு விளையாட்டில், சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 உலக வேகச் சறுக்குப் போட்டியின் 1000 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.