வெள்ளையடிக்கும் மட்டை

போகிப் பண்டிகை நெருங்குகையில், கொத்தனாரை எதிர்பாராமல் வீட்டுக்காரர்களே சுவரின் வெடிப்பை மண்ணால் அடைத்து, பழைய சுண்ணாம்பைச் சுரண்டி, புதிதாக வெள்ளையடித்துக்கொள்வது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலச் சம்பிரதாயமாக இருந்துவந்தது. பழவேற்காடு முதலிய காயல்களில் வாரிய கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சூளையில் சுட்டெடுத்து, முதல் நாள் மாலையில் தொட்டியிலிட்டு நீர் வார்த்தால், அது சீறிக் கொதித்து, ஆவி கக்கி, இரவு முழுவதும் நீறி, விடியற்காலையில் வெண்ணெய்போலக் குழைந்து கிடக்கும். அந்தக் குழம்பைத் துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாதிருக்கும் பொருட்டுச் சிறிது கஞ்சியும், வெண்மை எடுப்பாகத் தெரியச் சிட்டிகை நீலமும் கலந்து, நுனி நசுக்கிய பனைமட்டையால் முதலில் நெடுக்காகவும் பின்பு குறுக்காகவும் பூசுவார்கள். கண்ணில் தெறித்துவிட்டால் படும் அவஸ்தையை அனுபவித்தவர்களே அறிவர்.

18-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கு வந்த ஆங்கிலேயர், சலவைக்கல்லைப்போல மெருகேற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சைக் கண்டு அதிசயித்துப் பிரயாணக் குறிப்புகளில் எழுதிவைத்தனர். அது தேர்ந்த கொத்தர்களின் கைத்திறன்; குடியானவனின் சுவருக்கு அந்தப் பகட்டு வேண்டியிருக்கவில்லை.

பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல மீண்டும் கல்லாக இறுகுகிறது. ஆயினும் சுவரின் ஈரம் வெளியேற வழிவிடுகிறது. டப்பாவில் அடைத்த வர்ணங்கள் எத்தனை வந்தாலும், என் அபிப்பிராயத்தில், மண் சுவருக்குச் சுண்ணாம்பே தகும்.