நாட்பட்ட மூளையுறைக் குருதிக்கட்டு வடிப்பு

நாட்பட்ட மூளையுறைக் குருதிக்கட்டு வடிப்பு என்பது மூளையின் வெளியுறையான டியூரா உறைக்கும் அதன் அடியிலுள்ள அரக்னாய்டு உறைக்கும் இடையே பல வாரங்களாகத் தேங்கிய பழைய குருதியை, மண்டையோட்டில் சிறு துளையிட்டு வெளியேற்றும் அறுவை மருத்துவம் ஆகும். முதியோரிடம் மிகுதியாகச் செய்யப்படும் நரம்பியல் அறுவைகளுள் இது ஒன்று.

== நோயின் தன்மை ==

முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் டியூரா உறைக்கும் இடையே செல்லும் சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறையில் வழுக்கி விழுதல், நிலைப்படியில் தலை இடித்தல் போன்ற சிறு அடியே அவை கிழியப் போதுமானது. கசிந்த குருதியைச் சுற்றி மெல்லிய சவ்வு உருவாகிறது. அதில் தோன்றும் வலுவற்ற புதிய குருதிக்குழாய்கள் மேலும் கசிகின்றன. இதனால் கட்டு மெல்லப் பெருக்கிறது. ஏறத்தாழ மூன்று வாரம் கடந்தவை நாட்பட்டவை எனப்படுகின்றன.

தலைவலி, தள்ளாட்டம், மறதி, ஒருபக்கக் கை கால் தளர்ச்சி ஆகியன அறிகுறிகள். விழுந்ததையே நோயாளி மறந்திருப்பார். வீட்டார் இவற்றை வயதின் கோளாறு என்று விட்டுவிடுவதுண்டு. அடைப்பினால் வந்த பக்கவாதம் எனக் கருதி ஆஸ்பிரின் போன்ற மருந்து கொடுத்தால் கசிவு கூடக்கூடும். சி. டி. ஸ்கேன் மூலம் நோய் அறியப்படுகிறது. புதிய குருதி படத்தில் வெண்மையாகவும் பழையது கருமையாகவும் தெரியும். இடைப்பட்ட வாரங்களில் அது மூளையின் நிறத்தையே ஒத்திருப்பதால் கண்ணுக்குத் தப்புவதும் உண்டு.

== செய்முறை ==

பெரும்பாலும் ஒரு பக்கத்தில் இரண்டு துளைகள் இடப்படுகின்றன. உடல்நிலை இடந்தராதவர்களுக்குத் தலைத்தோலை மட்டும் மரக்கச் செய்தும் இதைச் செய்யலாம். டியூரா உறையைத் திறந்ததும் பழைய எஞ்சின் எண்ணெய் போன்ற கரிய நீர்மம் பீறிட்டு வரும். உடற்சூட்டிலுள்ள உப்புநீரால் உட்புறம் கழுவப்படுகிறது.

முதியோரின் மூளை உடனே விரிந்து இடத்தை நிரப்புவதில்லை. வெற்றிடத்தில் மீண்டும் நீர்மம் சேரலாம். ஆகவே வடிகுழாய் ஒன்று ஏறத்தாழ இரண்டு நாட்கள் உள்ளேயே விடப்படுகிறது. இது தேவைதானா என்ற நெடுநாள் ஐயத்துக்கு, கேம்பிரிட்ஜில் 215 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு விடையளித்தது. குழாய் வைக்கப்பட்டோரில் 9.3 விழுக்காட்டினருக்கும், வைக்கப்படாதோரில் 24 விழுக்காட்டினருக்கும் கட்டு திரும்பியது. ஆறு மாத இறப்பும் 18.1 விழுக்காட்டிலிருந்து 8.6 ஆகக் குறைந்தது. ஒரு சாதாரணக் குழாய்க்கு இது பெரிய பயன்.

மூளையுறைத் தமனியை அடைப்பது புதிய துணைமுறை. அறுவையுடன் அதனையும் செய்தபோது மறு அறுவைத் தேவை 11.3 விழுக்காட்டிலிருந்து 4.1 ஆகக் குறைந்ததாக 2024இல் ஓர் ஆய்வு காட்டியது.

== வரலாறு ==

1857இல் விர்ச்சோ இதனை உறையின் அழற்சி என்றே கருதினார். அடிபட்ட சிரைகளின் கசிவு என்பதை 1914இல் டிராட்டர் எடுத்துரைத்தார். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் தொடங்கினார். அடுத்த ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி தொடங்கினார்.

2024 மார்ச் 17 அன்று ஈஷா அறக்கட்டளை நிறுவனர் ஜக்கி வாசுதேவுக்கு மண்டையோட்டினுள் ஏற்பட்ட கசிவுக்காக தில்லியில் அவசர அறுவை நடந்தது. அவருக்கு நான்கு வாரங்களாகத் தலைவலி இருந்ததென மருத்துவமனை தெரிவித்தது.

== வட சென்னை ==

தண்டையார்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதியினருக்கு அருகிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை, பழைய சிறைச் சாலையிலுள்ள ஸ்டான்லி மருத்துவமனை ஆகும். இங்கு நரம்பியல் அறுவைத் துறை உண்டு. சரக்குப் பெட்டக லாரிகள் ஓடும் துறைமுகச் சாலைகளில் அடிபட்டோர் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகின்றனர். வீட்டில் வழுக்கி விழுந்து எழுந்த முதியவருக்கு அந்த உடனடிக் கவனம் கிடைப்பது அரிது. வார்ஃபரின் போன்ற குருதி உறைதடுப்பு மருந்து உட்கொள்வோர், அண்மையில் விழுந்திருந்தால் அதனை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.