செஞ்சிக் கோட்டைக் காய்ச்சலும் சிறுநீரின் நிறமும்

செஞ்சிக் கோட்டைன்னதும் ராஜா தேசிங்கும் அவர் குதிரையும் ஞாபகம் வரும். கொஞ்சம் வரலாறு படிச்சவங்களுக்கு 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாய முற்றுகை தெரிஞ்சிருக்கும். இந்த இழையில நான் சொல்லப்போறது அந்தக் கோட்டையின் காய்ச்சலைப் பற்றி. கூடவே சிறுநீரைப் பற்றியும். சாப்பிட்டுக்கிட்டு இருக்கறவங்க முடிச்சுட்டு வாங்க 🙂

1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. 1761 ஏப்ரலில் அதை ஆங்கிலேயரிடம் இழந்தது. இடைப்பட்ட பத்து வருஷத்தில் நடந்ததை ராபர்ட் ஓர்ம் என்ற கம்பெனி வரலாற்றாளர் எழுதி வச்சிருக்கார். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு நேரத்தில் 100 ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் வைத்ததில்லை. ஆனால் பத்து வருஷத்தில் செத்தவர்கள் 1200 பேர்!

கணக்குப் போட்டுப் பாருங்க. மொத்தக் காவல்படையும் பன்னிரண்டு தடவை செத்து, பன்னிரண்டு தடவை புதுசா ஆள் வந்திருக்கு. முற்றுகையிட்ட ஆங்கிலேயர் தரப்பிலும் சுமார் 300 சிப்பாய்கள் நோயில் போனார்கள். கர்நாடகப் பகுதியிலேயே இதுதான் உடம்புக்கு ஆகாத கோட்டை என்று பெயர். ஓர்ம் சொல்லும் காரணம்: கெட்ட காற்று.

இத்தாலிய மொழியில் 'மலேரியா' என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் பொருள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலை. அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம், அகழி. பாறைக் குழியெல்லாம் மழைத்தண்ணி. கொசுவுக்கு வேறென்ன வேணும்? அந்தச் சாவுகளில் பெரும் பங்கு மலேரியா என்பதுதான் என் சந்தேகம். மலேரியாக் கிருமியை லாவெரான் கண்டது 1880இல். கொசுவின் உடம்புக்குள் அந்தக் கிருமியை செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897இல். பிரெஞ்சு சிப்பாய்க்கு ரொம்ப லேட்.

இதுல சிறுநீர் எங்க வந்துச்சு?

கடுமையான மலேரியாவில் ரத்தச் சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தா உடையும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியா இறங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். இதுக்கு 'கருநீர்க் காய்ச்சல்'னே ஒரு பேர் உண்டு. அடுத்த கட்டம், சிறுநீரே வராமப் போறது.

நம்ம ஊர் வைத்தியர்கள் சிறுநீரைக் கவனிக்காதவங்க இல்ல. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறையில் விடியற்காலை சிறுநீரைப் பிடித்து நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்ப்பார்கள். மஞ்சளிலேயே பல வகை. வைக்கோல் ஊறின தண்ணி மாதிரி என்பது ஒன்று. நாங்க இங்கிலீஷ்ல படிச்ச மருத்துவப் புத்தகத்திலும் அதே வைக்கோல் நிறம்தான்! அப்புறம் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விடுவார்கள். பாம்பு போல ஓடினா வாதம், மோதிரம் போலப் பரவினா பித்தம், முத்துப்போல நின்னா கபம். அதே காலத்தில் ஐரோப்பிய வைத்தியரும் கண்ணாடிக் குடுவையைத் தூக்கிப் பிடிச்சு இதே வேலையைத்தான் பண்ணிக்கிட்டு இருந்தார்.

கூர்மையான கவனிப்புதான், மறுக்கல. எண்ணெய்ச் சொட்டை நம்பி நான் மருந்து எழுத மாட்டேன், அது வேற விஷயம். சிக்கல் என்னன்னா, சிறுநீரைக் கறுக்க வைக்கிறது பித்தநீரா, ரத்தமா, உடைஞ்ச தசையான்னு வெறும் கண்ணுக்குத் தெரியாது. இன்னிக்கு ஒரு சோதனைப் பட்டையை நனைச்சா ரத்தம் இருக்குன்னு காட்டும். மைக்ராஸ்கோப்ல சிவப்பணுவே இல்லன்னா, அது அணுக்கள் உடைஞ்சு வந்த சாயம் இல்லன்னா தசையிலிருந்து வந்த சாயம். அங்கிருந்து வைத்தியமே வேற பாதையில போகும்.

செஞ்சியைச் சுத்தி இப்ப பயம் எலிக்காய்ச்சலும் கண்ணாடி விரியனும்தான். சேத்து வயல்ல வேலை செஞ்சவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கூடவே அடர் மஞ்சளா சிறுநீர் போனா, 'மஞ்சக்காமாலை'ன்னு நேரா பச்சிலை குடிக்கப் போயிடறாங்க. தண்ணி மூலமா வர்ற சாதாரணக் காமாலை பெரும்பாலும் தானாவே சரியாகும், பேரு பச்சிலைக்குப் போகும். எலிக்காய்ச்சல் அப்படிக் காத்திருக்காது. விரியன் கடிச்சவருக்குச் சிறுநீர் சிவந்தாலோ கறுத்தாலோ, அளவு குறைஞ்சாலோ சிறுநீரகம் அடிவாங்குதுன்னு அர்த்தம்.

எல்லா நிறமும் ஆபத்தில்ல. பீட்ரூட் சாப்பிட்டா சிவக்கும். வெயில்ல தண்ணி குடிக்காம ராஜகிரி ஏறி இறங்கினா அடர் மஞ்சளாகும், தண்ணி குடிச்சா தெளியும். காசநோய் மாத்திரையில இருக்கிற ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறம் தரும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திடாதீங்க.

ஆனா காய்ச்சலோட சிறுநீர் காப்பி நிறத்துல போச்சுன்னா காலை ஓ.பி. வரைக்கும் காத்திருக்க வேணாம். ராத்திரியே வாங்க. முடிஞ்சா சுத்தமான பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சுட்டு வாங்க, எடுத்த நேரத்தையும் சொல்லுங்க.