முயெம்பே, ழான்-ழாக்

காங்கோ சனநாயகக் குடியரசைச் சேர்ந்த வைரஸ் ஆய்வாளர். எபோலா ஆய்வின் முன்னோடி. 1942-இல் பிறந்தார். கின்ஷாசாவில் மருத்துவமும் பெல்ஜியத்தின் லூவனில் வைரஸ் இயலும் பயின்றார்.

1976-இல் யம்புக்கு என்னும் ஊரில் இனந்தெரியாத காய்ச்சல் பரவியபோது, கையுறைகூட இன்றி நோயாளிகளின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். நோயுற்ற பெல்ஜியக் கன்னியாஸ்திரி ஒருவரைக் கின்ஷாசாவுக்கு அழைத்துவந்தார். அவரது இரத்தம் ஆன்ட்வெர்ப் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. அதில் கண்டறியப்பட்ட புதிய வைரஸுக்கு அருகிலிருந்த எபோலா ஆற்றின் பெயர் சூட்டப்பட்டது.

1995-இல் கிக்விட் நகரில் நோய் மீண்டும் பரவியது. குணமடைந்தோரின் இரத்தத்தை 8 நோயாளிகளுக்கு இவரது குழு ஏற்றியது. 7 பேர் பிழைத்தனர். அந்நகரில் உயிர்தப்பிய ஒருவரின் எதிர்ப்பொருளிலிருந்து அன்சுவிமாப் என்னும் மருந்து உருவானது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. முயெம்பே 2019-இல் ஜப்பானின் ஹிதேயோ நொகுச்சி ஆப்பிரிக்கப் பரிசைப் பெற்றார்.