நான்கு ஒலிகளும் இரண்டு சுவர்களும்

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எத்தனை ஒலிபெருக்கி?" என்பதுதான். அத்தனைக்கும் வேண்டிய ஒலிகளை ஒரே தட்டில் எப்படி அடக்குகிறார்கள் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? சூழொலியின் வரலாறு அந்தக் கேள்விக்குத் தேடிய விடைகளின் வரலாறே.

ஸ்டீரியோ இசைத்தட்டின் பள்ளத்தில் இரண்டு சுவர்கள் உண்டு. இடப்பக்க ஒலி ஒன்றிலும் வலப்பக்க ஒலி மற்றதிலும் பதிந்திருக்கும். 1970களின் தொடக்கத்தில், அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் இசை வரவேண்டும் என்ற ஆசை எழுந்தது. ஒலிகள் நான்கு, சுவர்களோ இரண்டு. என்ன செய்வது?

அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனத்தின் எஸ்.கியூ. முறையும், ஜப்பானின் சன்சுய் நிறுவனத்தின் கியூ.எஸ். முறையும் நான்கு ஒலிகளைக் கலந்து இரண்டாக்கின. கலந்ததை முழுமையாகப் பிரிக்க இயலவில்லை. எளிய எஸ்.கியூ. கருவியில், முன்புறம் மட்டும் ஒலிக்க வேண்டிய இசை பாதித் திறனுடன் பின்புறமும் கேட்டது.

ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் சி.டி.-4 என்ற வேறு வழியைக் கண்டது. ஒவ்வொரு சுவரிலும் முன், பின் ஒலிகளின் கூடுதலை (மு + பி) வழக்கம்போல் பதித்தார்கள். அவற்றின் வேறுபாட்டை (மு − பி) நம் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையில் ஏற்றினார்கள். இரண்டையும் கூட்டினால் 2மு, கழித்தால் 2பி. பள்ளி இயற்கணிதம்தான்! ஆனால் அதைப் படிக்கத் தனி ஊசி வேண்டியிருந்தது.

ஒரு முறைக்கான கருவி மற்றதன் தட்டைச் சரிவரப் பிரிக்கவில்லை. 1970களின் முடிவுக்குள் மூன்றுமே சந்தையில் மங்கின. நம்பி வாங்கியவர்களுக்கு நட்டம்.

எனினும் கலந்து பிரிக்கும் கருத்து அழியவில்லை. டால்பி ஸ்டீரியோ, திரைப்படச் சுருளின் இரண்டு ஒலித்தடங்களில் இடம், நடு, வலம், சூழல் என நான்கு ஒலிகளை அடக்கியது. அதே கலவை வீடியோ நாடாவிலும் வந்தது. எனவே, 1982இல் வீட்டுக்கான டால்பி சரவுண்டும், 1987இல் கசிவைக் குறைக்கும் புரோ லாஜிக்கும் தோன்றின.

அடுத்தது எண்முறை. 1992இல் டால்பி டிஜிட்டலும் 1993இல் டி.டி.எஸ்.சும் திரையரங்குகளுக்கு வந்தன, பின்னர் டி.வி.டி.யில் ஏறின. ஐந்து முழுத் தடங்களைச் சுருக்காமல் பதிய, நொடிக்கு சுமார் 3,840 கிலோபிட் வேண்டும். டி.வி.டி.யில் டால்பி டிஜிட்டலுக்குக் கிடைத்ததோ அதிக அளவாக 448. உரத்த ஒலி அருகிலுள்ள மெல்லொலியை மறைத்துவிடும் அல்லவா? அவ்வாறு மறைபவற்றுக்கு இடம் குறைத்தே இதைச் சாதித்தார்கள். டி.டி.எஸ். 754 அல்லது 1,509 கிலோபிட் எடுத்துக்கொண்டது. சுருக்கும் முறைகள் வேறாதலால், எண் பெரிது என்பதாலேயே ஒலி உயர்ந்ததாகிவிடாது.

புளூ-ரே தட்டில் இடம் பெருகியது. அதில் வரும் டால்பி ட்ரூ எச்.டி., டி.டி.எஸ். எச்.டி. மாஸ்டர் ஆடியோ ஆகியவை எதையும் இழக்காமல் சுருக்குபவை. மூலப்பதிவு ஒன்றானால் இரண்டும் தருவது ஒரே ஒலிதான்.

ஆகவே, கடையில் இரண்டை ஒப்பிடும்போது முதலில் ஒலியளவைச் சமமாக்கச் சொல்லுங்கள். உரக்க ஒலிப்பதையே நல்லதென்று நம்பிவிடும் இயல்பு நம் காதுக்கு உண்டு.