இருபத்தைந்தாம் கதவை யார் பூட்டினது?

தண்டர்பேர்ட், அவுட்லுக் மாதிரியான மென்பொருளில் மெயில் பாவிக்கிற கனபேருக்கு இந்தச் சிக்கல் தெரியும். வாற மெயில் எல்லாம் ஒழுங்காக வரும். அனுப்புறது மட்டும் அவுட்பொக்ஸிலேயே கிடக்கும். பாஸ்வேர்ட் சரி, சேர்வர் பெயரும் சரி. அதே லப்டொப்பை வேறொரு இணைப்பில் போட்டால் உடனே போய்விடும். அப்படியெண்டால், பெரும்பாலும் உங்கள் இணையச் சேவை வழங்குநர் போர்ட் 25ஐ மறித்து வைத்திருக்கிறார்.

1982 ஓகஸ்டில் ஜொன் பொஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம்தான் எஸ்எம்டிபி முறையை வகுத்தது. அதில் 'நீ யார்?' என்று உறுதிப்படுத்திக் கேட்கும் ஏற்பாடே இல்லை. எந்தக் கணினியும் எந்தச் சேர்வரின் போர்ட் 25இலும் போய்த் தட்டலாம், மெயிலைக் கொடுக்கலாம். அது தன்னுடையதாக இல்லாவிட்டாலும், வாங்கி அடுத்த இடத்துக்குக் கடத்திவிடுவது நல்ல அயலவரின் பழக்கம். இதை அப்பாவித்தனம் எண்டு சிரிப்பது நியாயமில்லை. எல்லாக் கணினிகளும் ஒன்றோடொன்று நேரடியாகத் தொடர்புபட்டிராத காலம் அது. கை மாற்றிக் கொடுக்காவிட்டால் மெயில் போய்ச் சேராது. அதோடு, இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகக்காரரும் ஆய்வுகூடக்காரரும்தான். 1978 மேயில் டெக் நிறுவனத்தின் கேரி தூர்க், ஆர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு விளம்பர மெயில் அனுப்பி நல்லா ஏச்சு வாங்கினார். அந்தக் காலத்தில் ஏச்சே போதுமாக இருந்தது.

90களில் இணையம் வியாபாரமானதும் ஏச்சு எடுபடவில்லை. முன்பின் தெரியாதவரின் சேர்வரிடம் ஒரு மெயிலையும் நூற்றுக்கணக்கான முகவரிகளையும் கொடுத்துவிட்டால், மிச்சச் செலவு அந்த மனுசனுக்கு. 1997இல் போல் விக்ஸி போன்றோர் கறுப்புப் பட்டியல் தொடங்க, சேர்வர்காரர்கள் கடத்திவிடும் வேலையை நிறுத்தினார்கள். ஸ்பாம்காரர்கள் விடுவார்களா? டயல்-அப் இணைப்பிலிருந்து நேரடியாகவே அனுப்பத் தொடங்கினார்கள். அப்போதுதான் வழங்குநர்கள் போர்ட் 25இல் கைவைத்தது. அகப்பட்டது யாரென்றால், வீட்டிலிருந்து அலுவலக மெயில் அனுப்பப் பார்த்த ஆட்கள்.

அதற்கு மருந்து 1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2476 ஆக வந்தது. ஒரு தபால் கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் பை போகிற வாசல் வேறு, நாங்கள் கடிதம் கொடுக்கிற கவுண்டர் வேறுதானே? அதேபோல சேர்வருக்குச் சேர்வர் 25, பாவனையாளருக்கு 587. கவுண்டரில் பெயரும் பாஸ்வேர்டும் காட்டும் முறை 1999இல் நியமமானது. மருந்து இருந்தும் கன வருசமாக ஒருவரும் குடிக்கவில்லை.

குடிக்க வைத்தது வைரஸ். 2003இல் பரவிய சோபிக், வீட்டுக் கணினிகளை உரிமையாளருக்கே தெரியாமல் ஸ்பாம் அனுப்பும் வழியாக மாற்றியது. அமெரிக்காவின் கொம்காஸ்ட் வலையமைப்பிலிருந்து நாளொன்றுக்கு 80 கோடி மெயில்கள் போவதாகவும், அதில் 10 கோடிதான் தங்கள் சொந்த சேர்வர்களூடாகப் போவதாகவும் 2004இல் அந்த நிறுவனப் பொறியியலாளர் ஒருவரே சொன்னார். அதே வருசம் சந்தேகத்துக்குரிய வாடிக்கையாளர்களின் போர்ட் 25ஐ அவர்கள் மூடத் தொடங்கினார்கள். எனக்கு இதைவிட வலுவான உதாரணம் பிரேசில். ஸ்பாம் புறப்படும் நாடுகளின் பட்டியலில் உச்சத்தில் நின்ற நாடு, வீட்டு இணைப்புகளில் 25ஐ மூடும் வேலையை 2013 அளவில் முடித்ததும் மளமளவெனக் கீழே இறங்கியது.

ஆனால் இழப்பும் உண்டு. வீட்டு மூலையில் ஒரு பழைய கணினியை வைத்துச் சொந்த மெயில் சேர்வர் நடத்தும் வசதி பெருமளவு போய்விட்டது. வழங்குநர் திறந்துவிட்டாலும், வீட்டு ஐபி முகவரிகளை ஸ்பாம்ஹவுஸ் போன்ற பட்டியல்கள் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கின்றன. கடைசியில் எல்லாரும் இரண்டு மூன்று பெரிய கம்பனிகளின் வாசலில். மூடினது சரி என்றே நினைக்கிறேன். மூடினதை வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் விடுவதும், காரணம் காட்டிக் கேட்டாலும் திறக்க மறுப்பதும்தான் சரியில்லை.

இனி உங்கள் அவுட்பொக்ஸ். அனுப்பும் சேர்வரின் செட்டிங்கில் 25 இருந்தால் 587 ஆக்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் தெரிவுசெய்து, பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும்படி வையுங்கள். சரிவராவிட்டால் எஸ்எஸ்எல் உடன் 465. 1997இல் ஒதுக்கி, கொஞ்சக் காலத்திலேயே பறித்து, 2018இல் ஆர்எஃப்சி 8314 மூலம் திரும்ப ஏற்றுக்கொள்ளப்பட்ட கதவு அது. இரண்டும் திறக்காவிட்டால் வழங்குநருக்குக் கோல் எடுக்க முதல் உங்கள் அன்டிவைரஸை ஒருக்கால் பாருங்கோ. சிலது மெயிலை இடைமறித்துச் சோதிக்கிறேன் எண்டு தானே வழியை அடைத்துக்கொண்டு நிற்கும்.