பழைய வீடும் புதிய வசதியும் - சுண்ணாம்புக் காரையிலிருந்து சிமெண்ட் வரை ஒரு சரித்திரம்

சரித்திரப் புத்தகங்களில் திமிரிக்கு பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும். 1751-ல் ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ் பிடித்த கோட்டைகளில் ஒன்று, அவ்வளவுதான். கோட்டைக்கும் கொத்தளத்துக்கும் சரித்திரம் எழுதியவர்கள், சாதாரண ஜனங்கள் படுத்து எழுந்த வீடுகளுக்கு எழுதவில்லை. ஆனால் ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாக ஆரணி வரை போகும் சாலையின் இருபக்க ஊர்களிலும் பழைய வீடுகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. அவற்றை இடிப்பதா, வைத்துக்கொண்டு வசதி செய்வதா என்பது பல குடும்பங்களில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு. அந்தப் பேச்சுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது.

வீடு எப்படி நின்றது?

வடாற்காடு பக்கத்துப் பழைய வீடுகளைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று ஓட்டு வீடு. பனங்கை, மூங்கில் இவற்றின் மேல் அரைவட்ட நாட்டு ஓடுகளை அடுக்கியது. இன்னொன்று காசு உள்ளவர்கள் கட்டிய மெத்தை வீடு, அதாவது மச்சு வீடு.

மெத்தை வீட்டின் கூரைக்கு இன்ஜினியர்கள் வைத்த பெயர் மெட்ராஸ் டெரஸ். மர உத்திரங்களின் மேல் கட்டைகளை நெருக்கமாகப் போடுவார்கள். அதன் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களை செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில், சுண்ணாம்புக் காரை வைத்து ஒட்டுவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. ஒரு துண்டு இரும்புக் கம்பி கிடையாது!

மூன்றாவதாக சீமை ஓடு வந்து சேர்ந்தது. 1865-ல் பாசல் மிஷன் என்ற பாதிரிமார் சங்கம் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. நாட்டு ஓட்டை ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்து அடுக்க வேண்டும், குரங்கு ஏறினால் உடனே வேலை வந்துவிடும். மங்களூர் ஓட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆக, பழைய வீட்டில் புது வசதியைச் சேர்ப்பது என்பது நேற்று வந்த பேஷன் இல்லை. தாத்தாக்களும் அதைத்தான் செய்தார்கள்.

எந்த வகையாக இருந்தாலும் அமைப்பு ஒன்றுதான். வாசலில் திண்ணை, உள்ளே நடை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் தோட்டமும் கிணறும். முற்றம் அழகுக்கு வைத்தது இல்லை. சூடான காற்று மேலே போக அது வழி. தடித்த சுவர் பகல் வெயிலை உள்ளே விடாமல் வெகுநேரம் தாங்கிக்கொள்ளும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது வேலூர்ப் பக்கத்துக்கு வழக்கம். மின்விசிறி இல்லாத காலத்தில் அந்த வெயிலில் மனிதர்கள் குடித்தனம் செய்தார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

சுண்ணாம்பின் குணம்

இந்த வீடுகளின் உயிர் சுண்ணாம்பு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ காளவாயில் சுட்டு, தண்ணீர் விட்டுத் தாளித்து, மணலோடு அரைத்தால் காரை கிடைக்கும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது தமிழ்நாட்டு மேஸ்திரிகளின் வழக்கம். செட்டிநாட்டில் சுவரின் மேல் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்த்தார்கள். அந்தச் சுவர்கள் இன்றும் கண்ணாடி மாதிரி பளபளக்கின்றன.

சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து மறுபடியும் கல்லாக மாறுவதற்கு மாதங்கள் ஆகும். பதிலுக்கு அது இரண்டு நன்மை செய்கிறது. சுவர் லேசாக அசைந்தால் அதுவும் கூடவே அசைந்துகொடுக்கும். சுவரில் ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். பழைய வீடுகளில் அஸ்திவாரத்துக்கு மேல் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு பொதுவாகக் கிடையாது. மண்ணின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். ஏறியது ஆவியாகிப் போக வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிமெண்ட் வந்தது

1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் சிமெண்ட் செய்வதற்கான ஆரம்ப முயற்சிகளில் ஒன்று 1904-ல் சென்னையில்தான் நடந்தது, ஆனால் அது நிலைக்கவில்லை. பிறகு 1914-ல் போர்பந்தரில் வெற்றிகரமாக உற்பத்தி தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுக்கரை ஆலை 1934-லும், தாளையூத்து ஆலை 1949-லும் வந்தன. அதற்குப் பிறகு கிராமத்து மேஸ்திரி வரைக்கும் சிமெண்ட் போய்ச் சேர்ந்தது.

சிமெண்ட் நல்ல பொருள், அதில் சந்தேகமில்லை. சீக்கிரம் இறுகும், தண்ணீரைத் தாங்கும், பலம் அதிகம். தப்பு எங்கே நடந்தது என்றால், பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் அதைப் பூசியதில். ஈரம் வெளியே போகும் வழி அடைபட்டது. உள்ளே மாட்டிய ஈரம் இன்னும் மேலே ஏறியது. அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து அதைத் தள்ளியது. பூச்சு பொரிந்து விழுந்ததும், பழைய சுவர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடியும் சிமெண்டையே பூசினார்கள். மச்சின் மேல் சிமெண்ட் ஓடு பதித்ததும் இப்படித்தான். எடை கூடியது, விரிசலில் இறங்கிய தண்ணீர் காய வழியில்லாமல் உத்திரத்தின் முனைகள் உளுத்தன.

இந்தத் தவறு தமிழ்நாட்டில் மட்டும் நடந்தது இல்லை. இங்கிலாந்தில் பழைய சர்ச்சுகளைப் புதுப்பிக்கிறேன் என்று சுரண்டித் தள்ளியதை எதிர்த்து, 1877-லேயே வில்லியம் மோரிஸ் ஒரு சங்கம் தொடங்கினார். மாற்றுவதை விட்டு ரிப்பேர் செய்யுங்கள் என்பதுதான் அதன் சாரம். இருந்தும் இருபதாம் நூற்றாண்டில் அங்கேயும் பழைய சுவர்களுக்கு சிமெண்ட் பூசிக் கெடுத்தார்கள்!

அந்தக் காலம் ஒன்றும் பொற்காலம் இல்லை

பழைய வீடு என்றால் ஒரேயடியாகப் புகழ்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. முற்றத்தில் வெளிச்சம் கொட்டும், ஆனால் பெண்கள் நாள் முழுக்க வேலை செய்த சமையலறை புகை மண்டிய இருட்டாக இருந்தது. திண்ணை வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தது உண்மை. யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் திண்ணைக்கே வரக்கூடாது என்று ஜாதி பார்த்ததும் அதே வீடுதான். கழிப்பறை வீட்டுக்குள் கிடையாது. இருந்த இடங்களில் கொல்லைப்புறத்தில் ஒரு எடுப்புக் கக்கூஸ், அதை அள்ள பின்வழியாக வர வேண்டிய மனிதர்கள். அந்தக் கொடுமையைத் தடை செய்யும் சட்டம் வந்ததே 1993-ல்தான்.

அதனால் வீட்டுக்குள் குளியலறை, கழிப்பறை, வெளிச்சமான சமையலறை வேண்டும் என்பது ஆடம்பரம் இல்லை, உரிமை. வயதானவர்கள் நடுராத்திரியில் தோட்டத்துக்கு நடக்க வேண்டிய வீட்டை அழகு என்று சொல்லிப் பாதுகாக்க முடியாது. பழைய வீட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

ஒரு தெருவே மாறிய கதை

இரண்டையும் சேர்க்க முடியுமா? முடியும் என்று காட்டிய ஊர் புதுச்சேரி. அங்கே கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரர் பகுதி, கால்வாய்க்கு மேற்கே தமிழர் பகுதி. தமிழர் பகுதி வீடுகளில் ஒரு விசேஷம் உண்டு. கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாக சுத்தமான தமிழ் வீடு. மாடி மட்டும் வளைவு ஜன்னல்களோடு பிரெஞ்சு பாணி. இரண்டு பாணிகளை ஒரே வீட்டில் கலப்பதை அந்த ஊர் கொத்தனார்கள் முன்பே செய்துவிட்டார்கள்.

இந்த வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு வந்த நேரத்தில், 2000களின் தொடக்கத்தில் இன்டாக் அமைப்பு வைசியாள் தெருவைக் கையில் எடுத்தது. ஐரோப்பிய யூனியனின் ஆசியா அர்ப்ஸ் திட்டம் உதவியது. இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நவ்-சுர்-லோ நகரங்கள் கூட்டு சேர்ந்தன. ஒரு வீட்டை மட்டும் காட்சிப் பொருளாக ஆக்கவில்லை. தெருவையே எடுத்துக்கொண்டு, வீடுகளின் முகப்பைப் பழைய முறையில் சரிசெய்தார்கள். ஜனங்கள் அங்கேயேதான் குடியிருந்தார்கள். 2008-ல் இந்த வேலைக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே ஊர் காட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். தோற்றம் திரும்பி வந்தது, பழைய சுவர் வரவில்லை.

செட்டிநாடு சொல்லும் பாடம்

நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சுமார் நூறு வருஷம் பர்மா தேக்கும் இத்தாலி மார்பிளும் கொண்டுவந்து மாளிகைகள் கட்டினார்கள். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வியாபாரம் சரிந்தது. வீடுகள் நின்றன, அவற்றைப் பராமரிக்கப் பணம் இல்லை. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், யாரும் தனியாக முடிவெடுக்க முடியாது. கடைசியில் தூண்களும் நிலைக்கதவுகளும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து பெருநகர பங்களாக்களுக்கு அலங்காரமாகப் போயின. ஒரு புது வீட்டுக்குப் பழமை கொடுக்க ஒரு பழைய வீடு சாக வேண்டியிருந்தது!

மாற்று வழியும் அங்கேயே பிறந்தது. 1999-ல் காரைக்குடியில் ஒரு குடும்பத்தின் பழைய பங்களா 'தி பங்களா' என்ற விடுதியாகத் திறந்தது. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்று வரிசையாக வந்தன. சாரதா விலாஸைச் சீரமைத்தவர்கள் இரண்டு பிரெஞ்சு கட்டடக் கலைஞர்கள். ஏசியும் வெந்நீரும் வந்தன, ஆனால் முற்றமும் தூணும் ஆத்தங்குடி கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன. 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

திமிரிக்கு இது பொருந்துமா?

திமிரியில் சுற்றுலாப் பயணி கிடையாது, ஹோட்டலும் வராது. ஆரணி நெசவாளர் வீட்டுக்கும் ஆம்பூர் தோல் வியாபாரி வீட்டுக்கும் ஐரோப்பாவிலிருந்து பணம் வராது. ஆனால் புதுச்சேரியும் செட்டிநாடும் கற்றுக்கொடுத்த முறைக்கு அவ்வளவு காசு தேவையில்லை.

சுவரில் சிமெண்ட் பூச்சை உரித்துவிட்டு சுண்ணாம்பு பூசலாம். முற்றத்தை கான்கிரீட் போட்டு மூடாமல், கம்பி வலையோ, காற்று போக இடைவெளி விட்டு உயர்த்திய கண்ணாடிக் கூரையோ போடலாம். மச்சின் மேல் குளியலறை கட்டாமல் தோட்டத்துப் பக்கம் தனிச் சுவரோடு கட்டினால் தண்ணீர் உத்திரத்தைத் தொடாது. வயரிங்குக்கு சுவரை வெட்டாமல் மேலாகவே பைப்பில் கொண்டுபோகலாம். ஏசி வேண்டுமென்றால் ஒரே ஒரு படுக்கையறையை மட்டும் அடைத்தால் போதும், வீடு முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை.

பெரிய தடை பணம் இல்லை, இரண்டு வேறு விஷயங்கள். ஒன்று பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பாகத்துக்காக முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பிவிட்டால் வீட்டின் மூச்சே நின்றுவிடும். இன்னொன்று கைவேலை. காரை தாளிக்கவும் மச்சு தட்டவும் தெரிந்த மேஸ்திரிகள் இப்போது குறைவு, இருப்பவர்களுக்கும் வயதாகிவிட்டது. உத்திரத்தை மாற்றிவிடலாம், ஓட்டை வாங்கிவிடலாம். கடுக்காய்த் தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று கைப்பதத்தில் சொல்லும் ஆளை எங்கே வாங்குவது?

கிளைவ் பிடித்த கோட்டையைப் பற்றி ஒரு வரியாவது எழுதிவைத்தார்கள். இந்த வீடுகளைப் பற்றி எழுதிவைத்தது எதுவும் இல்லை, சுவரும் கூரையும்தான் அவற்றின் சரித்திரப் புத்தகம். புது வசதிகளைச் சேர்ப்பது அந்தப் புத்தகத்தில் இன்னொரு பக்கம் எழுதுவது போல. இடித்துத் தள்ளினால் புத்தகமே போய்விடும்.